குவியலுக்குள் கை விட்டுப் பார்த்தல்

ஒரு நாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். மேலே பார்த்தால் நன்கு உலர்ந்த, குறை சொல்ல முடியாத தானியம். அண்ணலார் அங்கு நின்று குவியலுக்குள் தம் திருக்கரத்தை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்டபோது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று அண்ணலார் வினவினார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். முஸ்லிம் ஷரீபில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை அறியாத இல்லம் நம்மிடையே அரிது.

தானியக் குவியலுக்குள் கை நுழையும். ஆனால் நகத்தளவே உள்ள ஒரு சிலிக்கான் சில்லுக்குள் எவ்வாறு கை விட்டுப் பார்ப்பது? புறத்தே கறுப்பு நிறத்தில் பளபளப்பாக இருக்கும் அச்சில்லு, மண்ணுலகில் பத்து ஆண்டுகள் பழுதின்றி உழைக்கலாம். விண்ணுக்குச் சென்ற பத்தாம் நாளே செத்தும் போகலாம். எது உழைக்கும், எது சாகும் என்பதை அனுப்புவதற்கு முன்பே கண்டறிவதற்கென்று ஒரு தனித்துறை இருக்கிறது. அதன் பணி, சில்லுகளின் மீது கதிர்வீச்சைப் பாய்ச்சிச் சோதிப்பது.

இது விஞ்ஞானிகளின் விவகாரம், நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். ரமளான் இரவுகளில் மக்காவின் ஹரம் ஷரீபிலிருந்து தராவீஹ் தொழுகையை நேரலையில் காண்கிறோம். வெளியூர் சென்ற இடத்தில் கைப்பேசியை எடுத்துக் கிப்லாவின் திசையை அறிகிறோம். புயல் வருகிறதென்று கடலோரத்து மீனவர்க்கு முன்னறிவிப்புக் கிடைக்கிறது. இவற்றுக்கெல்லாம் பின்னால், வானில் சுழலும் செயற்கைக்கோள் ஒன்றில் சில சில்லுகள் ஓசையின்றி ஊழியம் செய்துகொண்டிருக்கின்றன. அவை ஏமாற்றினால் பழுதுபார்க்க அங்கே ஆள் இல்லை.

மௌனமான கருவி

வல்ல அல்லாஹ் இப்பூமிக்குக் காற்று மண்டலத்தையும் காந்தப் புலத்தையும் போர்வைகளாக அளித்துள்ளான். சூரியனிலிருந்தும் அதற்கு அப்பால் உள்ள விண்மீன் கூட்டங்களிலிருந்தும் ஓயாது வந்து விழும் மின்னூட்டத் துகள்களில் பெரும்பாலானவற்றை அவை தடுத்துவிடுகின்றன. அப்போர்வையை விட்டு வெளியே தலை நீட்டும்போதுதான் அதன் அருமை தெரிகிறது.

1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கா தன் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்புளோரர்-1ஐ ஏவியது. அதில் துகள்களை எண்ணும் கருவி ஒன்றைப் பேராசிரியர் ஜேம்ஸ் வான் ஆலன் அமைத்திருந்தார். குறிப்பிட்ட உயரத்திற்கு மேல் சென்றதும் அக்கருவி எண்ணுவதை நிறுத்திவிட்டது. துகள்களே இல்லையோ என்று தோன்றியது. ஆராய்ந்தபோது உண்மை நேர்மாறாக இருந்தது. கருவியால் எண்ண இயலாத அளவுக்குத் துகள்கள் வெள்ளமாக வந்து மோதியதால் அது திகைத்து மௌனமாகியிருந்தது. பூமியைச் சுற்றிக் காந்தப் புலத்தில் சிக்கிய துகள்கள் வளையங்களாக நிற்கின்றன என்பது இவ்வாறு தெரியவந்தது. அவற்றை வான் ஆலன் வளையங்கள் என்கிறோம்.

மனிதன் மூட்டிய தீ

இயற்கையின் கதிர்வீச்சு போதாதென்று மனிதனும் தன் பங்குக்குச் சேர்த்த கதை 1962இல் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூலை 9 அன்று, சர்வதேச நேரப்படி, பசிபிக் பெருங்கடலின் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்' என்பது அச்சோதனையின் பெயர். அதன் ஆற்றல் 14 இலட்சம் டன் வெடிமருந்துக்கு ஈடானது. ஏறத்தாழ 1,400 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த ஹவாய்த் தீவில் நூற்றுக்கணக்கான தெருவிளக்குகள் அணைந்தன. நள்ளிரவை நெருங்கிய வேளையில் வானம் செந்நிறமாய் ஒளிர்ந்தது.

மறுநாள், ஜூலை 10 அன்று, டெல்ஸ்டார்-1 என்னும் செய்தித்தொடர்புச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொலைக்காட்சி நிகழ்ச்சியை முதன்முதலாக நேரலையில் கொண்டு சேர்த்த பெருமை அதனுடையது. ஆனால் முந்தைய நாள் வெடிப்பில் பிறந்த எலெக்ட்ரான்கள் பூமியைச் சுற்றி ஒரு செயற்கை வளையமாகத் தங்கியிருந்தன. ஒவ்வொரு சுற்றிலும் டெல்ஸ்டார் அதனூடே சென்று வந்தது. நவம்பரில் அது கட்டளைகளுக்குச் செவிசாய்க்க மறுத்தது. பெல் ஆய்வகத்துப் பொறியாளர்கள், அதே வகை டிரான்சிஸ்டர்கள் மீது பூமியில் கதிர்வீச்சைச் செலுத்திப் பார்த்து நோயின் மூலத்தைக் கண்டனர். சிறிது நேரம் மின்னழுத்தம் நீங்கினால் அவை ஓரளவு தேறுகின்றன என்பதையும் கண்டனர். கட்டளைகளின் வடிவத்தை மாற்றி அனுப்பி, 1963 ஜனவரியில் அதற்கு உயிரூட்டினர். பிப்ரவரி 21 அன்று அது நிரந்தரமாக ஓய்ந்தது. பிரிட்டனின் முதல் செயற்கைக்கோளான ஏரியல்-1உம் அந்த வெடிப்பினால் ஊனமுற்றது.

சோவியத் நாடும் சளைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று, நம் சகோதரர்கள் பெருந்தொகையாக வாழும் கஜகஸ்தானின் வானில், சுமார் 290 கிலோமீட்டர் உயரத்தில் அது ஓர் அணுகுண்டை வெடித்தது. கீழே 570 கிலோமீட்டர் நீளத் தொலைபேசிப் பாதையில் மின்வெள்ளம் பாய்ந்து அதன் காப்புச் சாதனங்கள் கருகின. அம்மக்களிடம் யார் அனுமதி கேட்டார்கள்? வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் கடலடியிலும் அணுச் சோதனை கூடாது என்ற ஒப்பந்தம் 1963 ஆகஸ்டு 5 அன்று மாஸ்கோவில் கையெழுத்தான பின்னரே வானத்திற்கு இத்துன்பம் குறைந்தது.

மூவகைத் தீங்கு

சில்லுக்குக் கதிர்வீச்சு இழைக்கும் தீங்கை மூன்றாகப் பிரித்து அறியலாம்.

முதலாவது, மெல்லக் கொல்லும் நஞ்சு. சில்லுக்குள் இருக்கும் ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மதகு. மின்னோட்டத்தைத் திறந்து விடும், அடைக்கும். அம்மதகின் மேல் மிக மெல்லிய காப்புப் படலம் உண்டு. கதிர்வீச்சு அப்படலத்தில் மின்னூட்டத்தைச் சிறிது சிறிதாகச் சிக்க வைக்கிறது. நாளடைவில் மதகு முழுதாக மூடுவதில்லை, மின்சாரம் கசிகிறது, கடைசியில் சில்லு செயலிழக்கிறது. இத்தீங்கை 'ராட்' என்னும் அலகால் அளப்பர். உடல் முழுவதும் ஒரே சமயத்தில் 400 முதல் 500 ராட் பெற்ற மனிதர்களில் மருத்துவம் இன்றேல் பாதிப்பேர் மடிவர். நெடுங்காலம் உழைக்க வேண்டிய செயற்கைக்கோளின் சில்லோ 1,00,000 ராட் வரை தாங்க வேண்டியிருக்கும். வியாழன் கோளை நாடிச் செல்வது அதனினும் பன்மடங்கு தாங்க வேண்டும்.

இரண்டாவது, ஒரே துகளின் அடி. கணிப்பொறி எதையும் 0, 1 என்ற இரு குறிகளால் நினைவில் வைக்கிறது. கனமான துகள் ஒன்று சில்லைத் துளைத்துச் சென்றால் அதன் தடத்தில் மின்னூட்டம் சிதறி, 0 என்றிருந்தது 1 என்று மாறிவிடக்கூடும். சில்லு பழுதாவதில்லை; அதிலிருக்கும் செய்தி பொய்யாகிறது. 1975இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரை ஒன்று, செயற்கைக்கோள்களின் 17 ஆண்டு உழைப்பில் நேர்ந்த நான்கு விசித்திரப் பிழைகளுக்கு அண்டக் கதிர்களே காரணம் என்று முதன்முறையாகக் கணக்கிட்டுக் காட்டியது. 1978இல் திமோதி மே, முர்ரே வுட்ஸ் என்னும் இன்டெல் நிறுவன ஆய்வாளர்கள், மண்ணிலிருக்கும் கணிப்பொறி நினைவகங்களும் இவ்வாறு பிழைபடுவதைக் கண்டனர். சில்லைப் பொதிந்திருந்த பீங்கான் உறையில் கலந்திருந்த யுரேனியம், தோரியம் துணுக்குகளே அதற்குக் காரணம். காவலுக்கு வைத்த உறையே கன்னம் வைத்தது!

மூன்றாவது, உடனடி மரணம். துகளின் அடியால் சில்லுக்குள் தவறான பாதை ஒன்று திறந்து, மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் பாயும். உடனே மின்சாரத்தைத் துண்டித்தால் பிழைக்கலாம். தாமதித்தால் சில்லு கருகிவிடும்.

ஒரு குறி புரண்டால்

ஒரேயொரு குறி புரண்டால் என்ன நேர்ந்துவிடும் என்று கேட்கலாம். 2003 மே 18 அன்று பெல்ஜியம் நாட்டில் தேர்தல் நடந்தது. புரூசெல்ஸ் நகரை அடுத்த ஸ்கார்பேக் பகுதியில் வாக்குகள் கணிப்பொறி மூலம் பதிவாயின. வேட்பாளர் ஒருவருக்கு இருக்கவே முடியாத எண்ணிக்கையில் வாக்குகள் விழுந்திருந்ததைக் கண்டு அதிகாரிகள் ஐயுற்றனர். மீண்டும் எண்ணிப் பார்த்தனர். கூடுதலாக இருந்தவை மிகச் சரியாக 4,096.

இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் கிடைக்கும் எண் 4,096. கணிப்பொறியின் கணக்கில் பதின்மூன்றாம் இடத்துக் குறி ஒன்று 0 என்பதிலிருந்து 1 என்று புரண்டால் துல்லியமாக அவ்வளவுதான் கூடும். நிபுணர்கள் பிழையைத் தேடியும் இயந்திரத்திலோ நிரலிலோ வேறு காரணம் அகப்படவில்லை. அண்டக் கதிராக இருக்கலாம் என்பது ஊகம். துகள் வந்த தடத்தைப் பின்னர் யாரும் காட்ட இயலாது. தொகை நம்பத்தக்கதாக இருந்திருந்தால் இப்பிழையை எவரும் அறிந்திருக்கவே மாட்டார்கள் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

சோதனைக் கூடத்தில்

இத்தீங்குகளை முன்னரே கண்டறிவது எப்படி? ஒரே தொகுதியில் தயாரான சில்லுகளில் சிலவற்றை எடுத்துச் சோதனைக்கு இரையாக்குவர். சோதிக்கப்பட்டவை விண்ணுக்குச் செல்வதில்லை. அவை தம் உடன்பிறப்புகளுக்காகச் சாட்சி சொல்லிவிட்டு மடிகின்றன. தொகுதி மாறினால் சாட்சியமும் செல்லாது. பெயரும் எண்ணும் ஒன்றாக இருந்தாலும், தயாரிப்பில் நேர்ந்த சிறு மாற்றம் தாங்கும் ஆற்றலைத் தலைகீழாக்கிவிடும்.

மெல்லக் கொல்லும் நஞ்சைச் சோதிக்கக் கோபால்ட்-60 பயன்படுகிறது. புற்றுநோய் மருத்துவமனைகளில் நெடுங்காலம் கதிர் சிகிச்சைக்குப் பயன்பட்டு வந்த அதே பொருள்தான். தடித்த சுவருக்குள், ஆளில்லா அறையில், சில்லுகளை அதன் காமாக் கதிர்கள் முன் வைத்துவிட்டு, வெளியிலிருந்து அளவெடுப்பர்.

இங்கே ஒரு சபலம் உண்டு. விநாடிக்கு 100 ராட் வீதம் செலுத்தினால் 1,00,000 ராட் சேர்வதற்குப் பதினேழு நிமிடங்கள் போதும். ஆனால் விண்வெளியில் அது பல ஆண்டுகளாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்கிறது. ஒருவகைச் சில்லுகள், அதே அளவு கதிர்வீச்சை மெதுவாகப் பெறும்போதுதான் அதிகம் கெடுகின்றன என்பது 1991இல் வெளிப்பட்டது. விரைவுச் சோதனையில் வென்றவை மெதுவான சோதனையில் தோற்றன. எனவே அத்தகையவற்றை விநாடிக்கு நூறில் ஒரு பங்கு ராட் வீதம் சோதிக்க வேண்டியதாயிற்று. அந்த வேகத்தில் 1,00,000 ராட் சேர 115 நாட்களுக்கு மேல் ஆகும். பதினேழு நிமிடங்கள் எங்கே, நான்கு மாதங்கள் எங்கே? ஏவும் நாள் நெருங்குகிறது, செலவு ஏறுகிறது, மேலதிகாரி அவசரப்படுத்துகிறார் என்ற நிலையில் நான்கு மாதம் காத்திருப்பதற்குப் பொறுமை மட்டும் போதாது. இறையச்சத்துக்கு ஒப்பான ஒரு நேர்மை வேண்டும்.

ஒரே துகளின் அடியைச் சோதிப்பதற்குத் துகள்முடுக்கிகள் உதவுகின்றன. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் பெர்க்லியிலும் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்திலும், ஐரோப்பாவில் பெல்ஜியத்திலும் பின்லாந்திலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. சில்லின் மேலுறையை அமிலத்தால் கரைத்து நீக்கி, உள்ளிருக்கும் சிலிக்கானை வெளிக்காட்டி வைப்பர். முடுக்கியிலிருந்து ஆர்கான், கிரிப்டான், செனான் போன்றவற்றின் அயனிகள் அதன் மீது பாயும். பாயும்போதே சில்லு வேலை செய்துகொண்டிருக்கும். எத்தனை குறிகள் புரண்டன, மின்னோட்டம் எப்போது எகிறியது என்று பொறியாளர்கள் அடுத்த அறையில் அமர்ந்து எண்ணுவர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கோடி அயனிகள் பாய்ந்த பின்னும் கருகாமலிருந்தால்தான் இதற்கு அந்த மரணம் இல்லை என்று எழுதித் தருவர்.

முடுக்கியில் இடம் கிடைப்பது எளிதன்று. மணிக்கணக்கில் வாடகை; இரவு பகல் என்ற பேதமின்றி முறை வரும். பெர்க்லியின் முடுக்கி 1960களின் தொடக்கத்திலிருந்து உழைத்து வருவது. நிலையங்கள் முதுமையடைகின்றன, தேவையோ பெருகுகிறது என்று 2018இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை எச்சரித்தது.

இராணுவச் சாதனங்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அணுகுண்டு வெடித்த கணத்தில் வீசும் காமாக் கதிர் வெள்ளத்தில் ஒரு சில்லிலுள்ள எல்லா மதகுகளும் ஒரே சமயத்தில் திறந்துகொள்ளும். ஆகவே அந்த ஒளிவீச்சை உணர்ந்தவுடன் கணநேரம் கண்மூடிப் பின் விழித்தெழும் வகையில் சாதனங்களை அமைக்கின்றனர். முன்னர் அமெரிக்கா நிலத்தடி அணுவெடிப்புகளிலேயே இதைச் சோதித்து வந்தது. 1992இல் அவை நின்றபின், மின்னல்போல் கதிர் வீசும் எக்ஸ்ரே இயந்திரங்களும், நொடிப்பொழுதில் துடித்தடங்கும் அணு உலைகளும் அப்பணியைச் செய்கின்றன. உலகம் எரிந்த பின்னும் ஏவுகணை தவறாமல் இயங்க வேண்டும் என்பதற்காக இத்தனை அறிவு செலவாவதை எண்ணும்போது மனம் கனக்கிறது. அதே அறிவுதான் புயலைக் கண்காணிக்கும் செயற்கைக்கோளையும் காக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

இரு பயணங்கள்

2011 நவம்பரில் ரஷ்யா, செவ்வாயின் துணைக்கோளான போபோஸிலிருந்து மண் எடுத்து வர 'போபோஸ் கிரண்ட்' என்னும் கலத்தை ஏவியது. அது பூமியின் சுற்றுப்பாதையை விட்டு அகலவே இல்லை. 2012 ஜனவரி 15 அன்று வீழ்ந்து அழிந்தது. அதன் கணிப்பொறியின் இரு பகுதிகளும் ஒரே வேளையில் மறுதொடக்கம் ஆனதையும், விண்வெளிக்குத் தகுதி பெறாத சில்லுகள் அதில் இடம்பெற்றிருந்ததையும் ரஷ்ய விசாரணைக் குழு சுட்டிக்காட்டி, கனத்த துகள்களின் தாக்குதலே காரணமாக இருக்கக்கூடும் என்றது. பழியைக் கதிர்களின் மேல் போடுகிறார்கள் என்று ஐயுற்ற வல்லுநர்களும் உண்டு. எப்படியாயினும், தகுதி அறியாத பொருளைத் தகுதியான இடத்தில் வைத்தது மனிதப் பிழையே.

மற்றொரு பயணம் அமெரிக்காவின் 'யூரோப்பா கிளிப்பர்'. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவின் பனிக்கட்டிக்கு அடியில் கடல் உண்டா, உயிர் வாழ ஏற்ற சூழல் அங்குள்ளதா என்று ஆராய ஏறத்தாழ 500 கோடி டாலர் செலவில் உருவான கலம் அது. வியாழனைச் சூழ்ந்த கதிர்வீச்சு மிகக் கொடியது. 1973இல் பயனியர்-10 அதனைக் கடந்தபோதே அதன் உக்கிரம் தெரிந்துவிட்டது. அங்கு 2016இல் சென்றடைந்த ஜூனோ கலத்தின் மின்னணுக் கருவிகளை டைட்டானியப் பெட்டகத்துக்குள் பூட்டியே அனுப்பினர்.

கிளிப்பர் முழுதாகக் கட்டி முடிக்கப்பட்டு, ஏவுவதற்குச் சில மாதங்களே இருந்தன. 2024 மே மாதம் ஒரு செய்தி வந்தது: கலத்தில் பொருத்தியிருப்பவற்றை ஒத்த டிரான்சிஸ்டர்கள், எதிர்பார்த்ததைவிடக் குறைந்த கதிர்வீச்சிலேயே பழுதாகின்றன. குவியலுக்குள் ஈரம்!

மூடி மறைத்திருக்கலாம். போய்ச் சேரவே ஐந்தரை ஆண்டுகள் ஆகும். அதுவரை எவர்க்கும் தெரிந்திராது. ஆனால் நாசா அதனை வெளிப்படையாக அறிவித்தது. பல ஆய்வகங்களில் இரவு பகலாக நான்கு மாதங்கள் சோதனை நடந்தது. அப்போது டெல்ஸ்டார் காலத்திலிருந்து அறிந்த ஓர் உண்மை கைகொடுத்தது. காப்புப் படலத்தில் சிக்கிய மின்னூட்டம், ஓய்வு கிடைத்தால் மெல்ல வெளியேறும். சில்லு தன்னைத்தானே ஓரளவு குணப்படுத்திக்கொள்ளும். கிளிப்பர் சுமார் மூன்று வாரங்களுக்கு ஒருமுறையே கொடிய கதிர்வீச்சுக்குள் புகுந்து விரைவில் வெளிவரும். எஞ்சிய நாட்கள் தேறுவதற்குப் போதும் என்று கணக்கு காட்டியது. அத்துடன், அதே வகை டிரான்சிஸ்டர்கள் சிலவற்றை ஒரு சிறு பெட்டியில் வைத்து, அவற்றின் நலிவை வழியெங்கும் அளந்து அறிவிக்க ஏற்பாடு செய்தனர். சுரங்கத் தொழிலாளர் நச்சுக்காற்றை அறியக் கேனரிப் பறவையைக் கொண்டு சென்றதை நினைவூட்டி அதற்குக் 'கேனரிப் பெட்டி' என்றே பெயரிட்டனர். செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. அக்டோபர் 14 அன்று கலம் புறப்பட்டது. 2030 ஏப்ரலில் அது வியாழனை அடைய வேண்டும். முடிவு எப்படியிருக்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். அறிந்த குறையை மறைக்காமல் அனுப்பினார்கள் என்பதை நாம் அறிவோம்.

அமானிதம்

இத்துறையில் பணியாற்றுவோரின் பெயர் செய்தித்தாளில் வருவதில்லை. சில்லு உழைத்தால் அதைப் படைத்தவருக்குப் பாராட்டு; சோதித்தவரை யாரும் நினைப்பதில்லை. நள்ளிரவில் முடுக்கியின் முறை வரும்போது, கடைசி ஒரு மணி நேரச் சோதனையைச் செய்யாமலே செய்ததாக எழுதினால் கேட்பார் யார்? அந்தத் தாளை நம்பித்தான் ஒரு கலம் புறப்படுகிறது. அதனால் அவர் கையிலிருப்பது வெறும் தாள் அன்று, அமானிதம்.

நம் வீடுகளிலும் இன்று பிள்ளைகள், குறிப்பாகப் பெண்மக்கள், மின்னணுவியலும் இயற்பியலும் கற்கிறார்கள். எதையேனும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர்களை ஊக்குவிக்கிறோம்; நல்லது. பிறர் செய்ததைப் பொறுமையோடு சோதித்து, குறையைக் குறை என்று சொல்லும் பணியும் உயர்ந்ததே என்று சேர்த்துச் சொல்வோம். மளிகைக் கடை வைத்திருப்பவர்க்கும், துணி தைத்துத் தருபவர்க்கும், விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்க்கும், அடுப்படியில் பால் திரிந்ததா என்று முகர்ந்து பார்க்கும் தாய்மார்க்கும் இப்பாடம் பொதுவானது.

மேற்புறம் உலர்ந்திருக்கிறது என்று கடந்து போய்விடுவது எளிது. அண்ணலார் நின்றார்கள், குவியலுக்குள் கை விட்டார்கள். ஈரத்தைக் கண்டதும் அதை மேலே வைக்கச் சொன்னார்கள்.